3 செல் இஎஸ்சியில் 4 செல் பேட்டரி மாட்டலாமா?

கேள்வி: என் 1/10 அளவு ஆர்.சி. (ரிமோட் கன்ட்ரோல்) காரின் இஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ‘2–3 செல் லிப்போ’ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்று அச்சிட்டிருக்கிறது. ரிச்சி தெருவில் 4 செல் பேட்டரி வாங்கி மாட்டினேன். ஐந்து நிமிடம் நன்றாகவே ஓடியது. தொடர்ந்து ஓட்டலாமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய 3 செல் பேட்டரி 12.6 வோல்ட் தரும். 4 செல் 16.8 வோல்ட் தரும். பேட்டரி ஒயர்கள் வந்து சேரும் இடத்தில் இருக்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 16 வோல்ட் என்று இருந்தால், பேட்டரியை மாட்டிய கணமே அதன் எல்லை கடந்துவிட்டது. 25 என்று இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. இஎஸ்சியின் மின் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும்போது ஒயர்களின் மின்தூண்டலால் வோல்டேஜ் துள்ளுகிறது. பிரேக் பிடிக்கையில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. பேட்டரி ஒயரை நீட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கும் ஏறத்தாழ 6 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பிஇசி பகுதிதான். அது மிகுதி வோல்டேஜை வெப்பமாகவே கழிக்கும் லீனியர் வகையாக இருந்தால், சர்வோ 1 ஆம்பியர் இழுக்கும்போது 3 செல்லில் 6.6 வாட் வெப்பமாகும். 4 செல்லில் அது 10.8 வாட். சென்னையின் மே மாத வெயிலில், மூடிய பாடிக்குள், அந்த வெப்பம் எங்கே போகும்? பிஇசி ஷார்ட் ஆனால் பேட்டரியின் முழு வோல்டேஜும் ரிசீவரில் பாயும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கைவிட்டுப்போன கார், சிறுவர்கள் விளையாடும் மைதானத்தில் பாய்வதை நான் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

பேட்டரிக்கும் ஆபத்து உண்டு. செல் எண்ணிக்கையைத் தானே கணிக்கும் இஎஸ்சி, 3 செல் என்று தவறாக எண்ணி, செல்லுக்கு 3.2 வோல்ட் வீதம் 9.6 வோல்ட்டில்தான் மோட்டாரை நிறுத்தும் என்றால், உங்கள் 4 செல் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் 2.4 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். லிப்போவை 3 வோல்ட்டுக்குக் கீழே விடவே கூடாது.

வேகம்தான் தேவை என்றால் 4 செல் என்று அச்சிட்ட இஎஸ்சியை வாங்குங்கள். மோட்டாரின் உச்சச் சுழற்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3300 சுற்றுகள்) மோட்டார் 16.8 வோல்ட்டில், சுமை இல்லாதபோது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 55,000 சுற்றுகளை எட்டும்; பல மோட்டார்களின் எல்லை 50,000 தான். இப்போதுள்ள இஎஸ்சியைப் பொறுத்தவரை, கெப்பாசிட்டரின் தலைப்பகுதி உப்பாமல் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து, சக்கரங்கள் தரையில் படாதபடி காரைத் தூக்கிவைத்து, 2 செல் பேட்டரியில் சோதித்த பிறகே மைதானத்துக்குக் கொண்டு போங்கள்.