போர்டு விவரத்தை எங்கே எழுதி வைப்பது?

கேள்வி: சிறு சாதனங்களுக்கான லினக்ஸை உருவாக்கும் யாக்டோவில், எங்கள் சர்க்யூட் போர்டுக்கு மெஷின் கான்ஃபிக் (போர்டின் அமைப்புகளைச் சொல்லும் ஃபைல்) எழுதுகிறேன். எந்த வேரியபிள் எதற்கு என்பதைத் தனி ஃபைலில் எழுதி வைத்தால் போதுமா?

பதில்: போதாது, புரோகிராம் கோடு மாறிக்கொண்டே போகும், அந்த ஃபைலை யாரும் தொடமாட்டார்கள். நீங்களே உருவாக்கிய வேரியபிளாக இருந்தால், அதன் பெயரை ஒட்டிச் சதுர அடைப்புக்குள் 'டாக்' (doc) என்று போட்டு விளக்கத்தை அந்த கான்ஃபிக் ஃபைலிலேயே எழுதுங்கள். யாக்டோவின் பில்டு கருவியான பிட்பேக்கில் 'பிட்பேக் மைனஸ் இ' (bitbake -e) என்ற கட்டளை கொடுக்கும்போது வேரியபிளின் மதிப்பு, அது எந்த ஃபைலில் எந்த வரியில் அமைந்தது, கூடவே உங்கள் விளக்கம், எல்லாம் சேர்ந்து வரும். மெஷின் ஃபீச்சர்ஸ் (போர்டில் உள்ள வசதிகளின் பட்டியல்) போன்ற பொதுவான வேரியபிள்களுக்கு விளக்கம் ஏற்கனவே இருக்கிறது. அங்கே காரணத்தை மட்டும் கமென்டாகப் போடுங்கள். சீரியல் கன்சோல்ஸ் என்ற வேரியபிளில் 115200 என்று வேகம் இருக்கிறது, சரி, பக்கத்தில் 'கன்சோல் வேகம்' என்று எழுதி யாருக்கு லாபம்? போர்டில் எந்தக் கனெக்டர், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் பூட்லோடரான யூ-பூட்டிலும் சேர்த்து மாற்ற வேண்டுமா, இதை எழுதுங்கள்.