தெருவில் நான்கு வீடுகளில் மூட்டுவலிக் காய்ச்சல்: என்ன செய்வது?

கேள்வி: பத்து நாளாக எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் காய்ச்சல். என் அம்மாவுக்கு (62) இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் விரலும் மணிக்கட்டும் வீங்கி, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் எடுத்த ஐ.ஜி.எம். பரிசோதனையில் சிக்குன்குனியா நெகட்டிவ். அப்படியானால் இது வேறு நோயா? அண்ணி நிறைமாதக் கர்ப்பிணி, பயமாக இருக்கிறது.
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சிக்குன்குனியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டாம் நாள் நெகட்டிவை வைத்து அதை ஒதுக்க முடியாது. ஐ.ஜி.எம். என்பது நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருள். அது ரத்தத்தில் தெரிய ஐந்து நாளாவது ஆகும். முதல் சில நாட்களில் வைரஸையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைதான் பயன்படும். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் கடந்திருந்தால் அம்மாவுக்கு ஐ.ஜி.எம். மறுபடி எடுங்கள்.

ஆக, எல்லாமே காய்ச்சல் தொடங்கிய தேதியில்தான் இருக்கிறது. 'போன வாரம் வந்துச்சு டாக்டர்' என்றுதான் பலரும் சொல்வார்கள். எந்தக் கிழமை என்று துருவித் துருவிக் கேட்க வேண்டியிருக்கும்.

சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது. இரண்டும் ஒரே தெருவில் சேர்ந்து வரலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. அதனால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டலாம், அவை வேண்டாம். 'ஒரே ஊசியில் வலி போயிடும்' என்று ஸ்டீராய்டு போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விடாத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அசதியில் சுருண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, தெரு. ஒரு நோட்டில் ஒவ்வொருவரின் பெயர், வயது, வீடு, காய்ச்சல் தொடங்கிய தேதி, எந்த மூட்டில் வலி, வீக்கம் உண்டா என்று எழுதி, கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடமோ கொடுங்கள். இப்படி ஒரே இடத்தில் காய்ச்சல் கூடுவதைச் சீக்கிரம் பிடிக்கத்தான் 2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. எல்லோருக்கும் ரத்தம் எடுக்கத் தேவையில்லை. சிலருக்கு உறுதியானால் மற்றவர்களை அறிகுறியை வைத்தே கணக்கில் சேர்ப்பார்கள். கொசு கடித்ததிலிருந்து பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் காய்ச்சல் வரும். முதல் நோயாளியின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அவர் வெளியூரில் வாங்கி வந்தாரா, தெருவுக்குள்ளேயே கடிபட்டாரா என்று ஊகிக்கலாம்.

1973-க்குப் பிறகு இந்தியாவில் 30 ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்த நோய் சிக்குன்குனியா. 2005 இறுதியில் திரும்பி வந்து, 2006-ல் மட்டும் சுமார் 13.9 லட்சம் பேருக்குச் சந்தேகிக்கப்பட்டது. கணக்கில் வராமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் தனி. உங்கள் தெருவும் அப்படி விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

புகை மருந்து அடித்தால் பறக்கும் கொசு மட்டும்தான் சாகும், தண்ணீரில் இருக்கும் புழு சாகாது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ச்சல்காரர்கள் முதல் வாரம் பகலிலும் வலைக்குள் இருக்கட்டும். இந்தக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும்.

அம்மாவின் வலி பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.

அண்ணியும் பகலில் வலைக்குள்ளேயே தூங்கட்டும். பிரசவத்தை ஒட்டி அவருக்குக் காய்ச்சல் வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தச் சமயத்தில் குழந்தைக்கும் தொற்றலாம். பிறந்த முதல் வாரத்தில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சுட்டாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்த வேண்டியதில்லை.