எடுக்கவில்லை என்றால் அடுத்து யாருக்கு? அலுவலக எக்ஸ்டென்ஷன் கேள்வி பதில்

அலுவலக பிபிஎக்ஸ் (வரும் கால்களை மேசைப் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அமைப்பதும், மற்றவர்கள் அமைத்துக் குழப்பி வைத்ததைச் சரிசெய்வதும்தான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த மெனுவில் எந்தப் பொத்தான் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். கால் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் இங்கே பேசுவோம்.

கே: புது அலுவலகம், நாற்பது பேர். எக்ஸ்டென்ஷன் எண்களை மாடிவாரியாகக் கொடுக்கலாமா, பிரிவுவாரியாகவா?

இரண்டும் வேண்டாம். ஆறே மாதத்தில் யாராவது மாடி மாறுவார், பிரிவு மாறுவார். எண்ணை மாற்றினால் எல்லோரும் திட்டுவார்கள், மாற்றாவிட்டால் உங்கள் வரிசை கெடும். 201-லிருந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஏன் 2? 0-வும் 9-ம் வெளி லைன் எடுக்கப் பழகிப்போனவை. 1-ல் ஆரம்பித்தால் என்றைக்காவது 112 யாரோ ஒருவருடைய மேசைக்குப் போய்விடும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கணக்குப் பிரிவில் மணி அடிக்கும். அவசர எண்கள் முன்னால் 0 போடாமலேயே நேராக வெளியே போகும்படி முதல் நாளே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு எண் இன்னொரு எண்ணின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 20 என்று ஒன்றும் 201 என்று ஒன்றும் இருந்தால், 20 அழுத்தியவுடன் மூன்றாவது இலக்கம் வருமா என்று பிபிஎக்ஸ் சில விநாடி காத்திருக்கும். "போன் ரொம்ப மந்தம்" என்று புகார் வரும்.

கே: நான் பேசிக்கொண்டிருந்தால் கால் பக்கத்து எக்ஸ்டென்ஷனுக்குப் போகும்படி ஃபார்வர்ட் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் போனதில்லை. பெட்டி கோளாறா?

பெட்டி மேல் தப்பில்லை. உங்கள் போனில் கால் வெயிட்டிங் ஆன் ஆகியிருக்கும்.

பிபிஎக்ஸுக்கு நீங்கள் பேசுகிறீர்களா என்பது பெரும்பாலும் போன் சொல்லித்தான் தெரியும். புது கால் வந்தால் போனிடம் தள்ளிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். கால் வெயிட்டிங் இருக்கும் போன், நீங்கள் பேசிக்கொண்டிருந்தாலும் "மணி அடிக்கிறேன்" என்றுதான் சொல்லும். எஸ்ஐபி லாகில், அதாவது போனும் பிபிஎக்ஸும் பேசிக்கொள்வதன் பதிவில், அது 180. கால் வெயிட்டிங்கை நிறுத்தினால் "பிஸி" என்று சொல்லும், அது 486. உங்கள் ஃபார்வர்ட் 486-க்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, போனோ 180-ஐத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள்.

கால் திரும்ப வேண்டிய நிலைகள் நான்கு: எப்போதும், பிஸி, எடுக்கவில்லை, போனே தொடர்பில் இல்லை. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுத்தம் செய்பவர் கேபிளைத் தட்டிவிட்டாலோ அடாப்டர் போய்விட்டாலோ மணியே அடிக்காது, "எடுக்கவில்லை" விதியும் சில பெட்டிகளில் வேலை செய்யாது. அழைத்தவருக்கு லைன் கட்டாகிவிடும்.

கே: ரிங் குரூப்பில் எட்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடிக்க விடுவதா, ஒருவர் பின் ஒருவராகவா?

எல்லோருக்கும் அடித்தால் அவன் எடுப்பான் என்று இவன் இருப்பான். வரிசையாக அடித்தால் முதல் ஆள் பாவம். மூன்று பேர் வரை சேர்ந்து அடிக்கட்டும், அதற்கு மேல் போனால் க்யூ போட்டு, கடைசியாகப் பேசி அதிக நேரமானவருக்கு முதலில் அடிக்க விடுங்கள்.

வரிசையாக அடிப்பதானால் விநாடியைக் கூட்டிப் பாருங்கள். ஆளுக்கு 20 விநாடி, மூன்று பேர் என்றால் அழைத்தவர் ஒரு நிமிடம் மணியை மட்டும் கேட்கிறார். ஆளுக்கு 12 போதும். எதையும் போடாமலும் விடாதீர்கள். அஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளில் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், ஆவணப்படி இயல்பு அளவு 136 வருடம்!

கே: எங்கள் எம்.டி. எண் 210. அவருக்கு வரும் கால் எல்லாம் செகரட்டரி 211-க்கு ஃபார்வர்ட் ஆகிறது. ஆனால் செகரட்டரி அவருக்கு டிரான்ஸ்ஃபர் செய்தால் அது செகரட்டரியிடமே திரும்பி வருகிறது.

இந்தக் காட்சியை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா "இதோ கொடுக்கிறேன் சார்" என்று 210-ஐ அழுத்துகிறார், அவர் போனே அடிக்கிறது, எடுத்தால் அதே வாடிக்கையாளர். மூன்றாவது தடவை இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

211-லிருந்து வந்தால் மட்டும் ஃபார்வர்ட் செய்யாதே என்று விதி எழுதலாம். சில பெட்டிகள் டிரான்ஸ்ஃபரில் வெளியாளின் எண்ணையே அனுப்பும் என்பதால் அந்த விதி சில நேரம் ஏமாற்றும். இதற்கு நான் வைக்கும் வழி வேறு. எம்.டி. மேசையில் இருக்கும் போனுக்கு 290 என்று புது எண் கொடுங்கள். 210-க்குப் போனே வேண்டாம், அது 211-ஐ அடிக்கும் வெறும் எண்ணாக இருக்கட்டும். 290 செகரட்டரிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும். அப்புறம் 290-லிருந்து போகும் காலில் காட்டும் எண்ணை 210 என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் முதல் நாளே ரகசியம் வெளியாகிவிடும்.

கே: சர்வீஸ் ஆட்களின் மொபைலையும் குரூப்பில் சேர்த்தோம். சில நாள் எந்தப் போனும் அடிப்பதில்லை, வாடிக்கையாளரோ யாரோ எடுத்தார்கள் என்கிறார்.

எடுத்தது யாரோ ஒருவரின் வாய்ஸ்மெயில். மொபைல் அணைந்திருந்தால் நெட்வொர்க்கின் வாய்ஸ்மெயில் முதல் நொடியிலேயே எடுத்துவிடும். பிபிஎக்ஸுக்கு மனிதர் எடுத்ததும் இயந்திரம் எடுத்ததும் ஒன்றுதான், உடனே மற்ற போன்களை நிறுத்திவிடும். "ஏற்க 1 அழுத்தவும்" என்று கேட்கும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். வாய்ஸ்மெயில் 1 அழுத்தாது.

கே: ஐவிஆர் ("இதற்கு 1 அழுத்தவும்" என்று சொல்லும் குரல் மெனு) போட்டுவிட்டால் ரிசப்ஷனில் ஆள் தேவையா?

தேவை. எதையும் அழுத்தாமல் காத்திருப்பவர்களும், தப்பாக அழுத்துபவர்களும் எங்கே போவார்கள்? அவர்களை ரிசப்ஷனுக்குத்தான் அனுப்ப வேண்டும். மெனுவில் நான்கு தேர்வுக்கு மேல் வேண்டாம்.

ஆபரேட்டரே வேண்டாம் என்ற ஆசை பழையது. அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்தவர். தனக்கு வர வேண்டிய கால்களை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் தள்ளிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். காப்புரிமை 1891-ல் கிடைத்தது.

கே: இரவு அறிவிப்பு பட்டப்பகலில் ஓடுகிறது.

பெட்டியின் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கிறது. நேர மண்டலத்தை மாற்றி, கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகத் தானே சரிசெய்யும் என்டிபியை ஆன் செய்யுங்கள்.

கே: எக்ஸ்டென்ஷனை வெளி எண்ணுக்கு ஃபார்வர்ட் செய்ய எல்லோருக்கும் அனுமதி கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதல் ஆபத்து சுழற்சி. நான் பார்த்துக்கொண்ட ஒரு இடத்தில் ஒருவர் வார இறுதிக்காகத் தன் எக்ஸ்டென்ஷனை மொபைலுக்கு ஃபார்வர்ட் செய்தார். மொபைலையோ அலுவலகத்தின் நேரடி எண்ணுக்கு ஏற்கனவே திருப்பி வைத்திருந்தார். சனிக்கிழமை ஒரே ஒரு கால் வந்தது. அது வெளியே போய் உள்ளே வந்து எட்டு லைனையும் தின்றுவிட்டது. அந்த அனுமதியை நான்தான் யோசிக்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தேன்.

இரண்டாவது திருட்டு. வாய்ஸ்மெயில் பின் நம்பரும் எக்ஸ்டென்ஷன் நம்பரும் ஒன்றாக இருந்தால், வெளியிலிருந்து நுழைபவர் உங்கள் லைன் வழியாகவே விலை அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு இரவு முழுக்கப் பேசுவார். பில் வரும்போதுதான் தெரியும். ஃபார்வர்ட் தேவைப்படுபவர்களுக்கு மட்டும், அதுவும் பட்டியலில் இருக்கும் எண்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

கே: எல்லாம் முடித்துவிட்டேன். எப்படிச் சோதிப்பது?

மொபைலிலிருந்து கூப்பிடுங்கள், யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மணியும் எந்த மேசையில், எத்தனையாவது விநாடியில் அடிக்கிறது என்று தாளில் எழுதுங்கள். கடைசியில் குரல் ஒன்று கேட்க வேண்டும். சும்மா கட் ஆனால் அந்த வழி இன்னும் முடியவில்லை. பிறகு ஒரு போனின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் இன்னொரு தடவை.