ஒரே சரக்கு, இரண்டு விதக் கோளாறு

கேள்வி: கம்பெனி வளாகத்தில் தார் ரோட்டு விரிசல்களுக்கு ரப்பர் கலந்த சீலண்ட்டைக் காய்ச்சி ஊற்றினோம். இரண்டே மாதத்தில், காலையில் ஊற்றியது நாடா மாதிரி உரிந்து வருகிறது. சாயங்காலம் ஊற்றியது பொடிப்பொடியாக உடைகிறது. எல்லாம் ஒரே லாட். சரக்கே மட்டமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: சரக்கைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். காலையில் சூடு போதவில்லை. சாயங்காலம் சூடு மிஞ்சியிருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படித்தான் காட்டுகின்றன.

இந்த வகை சீலண்ட்டைப் பெரும்பாலும் 190 டிகிரி செல்சியஸ் ஒட்டி ஊற்றுவார்கள்; 200, 210ஐத் தாண்ட விடமாட்டார்கள். பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பெட்டியில் ஊற்றும் சூடு, உச்சச் சூடு என்று இரண்டு எண்கள் இருக்கும். அவைதான் கணக்கு.

சூடு குறைந்த சரக்கு கெட்டியாக இருக்கும். விரிசலுக்குள் இறங்கிச் சுவரைப் பிடிக்காமல் மேலே தொப்பி போல உட்காரும், டயர் பட்டதும் உரியும். பாய்லர் மீட்டர் சரியாகக் காட்டினாலும் காலையில் ஹோஸும் நாசிலும் ஆறிக் கிடக்கும். முதலில் வருவதைப் பாய்லருக்கே திருப்பி விடுங்கள். நாசில் முனையில் சூடு பார்த்த பிறகே ரோட்டில் ஊற்றுங்கள்.

சூடு மிஞ்சினால், சரக்குக்கு ரப்பர் போல இழுபடும் தன்மை தரும் பாலிமர் சிதையும். முதலில் தண்ணீராக ஓடும். 'நல்லா உருகிடுச்சு' என்று பலர் ஏமாறுவது இங்கேதான். மேலும் சூடேறினால் கட்டி கட்டியாகத் திரிந்துவிடும். திரிந்ததில் புதுச் சரக்கு கலந்தாலும் தேறாது, கழிக்கத்தான் வேண்டும்.

டிரம்முக்கு அடியில் விறகு வைத்துக் காய்ச்சுகிறீர்களா? உடனே நிறுத்துங்கள். ரப்பர் கலவையில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும். நடுவில் இன்னும் உருகாத கட்டி கிடக்கும்போதே அடியில் பால் மாதிரி அடிப்பிடித்துக் கருகும். எண்ணெய் வழியே சூடேற்றும் இரட்டைச் சுவர் பாய்லர் வேண்டும், உள்ளே துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டைக் கம்பித் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள். தொடாமலே சூடு காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி மேல்பரப்பின் சூட்டை மட்டுமே சொல்லும்.

கேள்வி: மீந்ததை மறுநாள் காய்ச்சலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பெட்டியில் அனுமதி இருந்தால் ஒரே ஒரு முறை, அதுவும் புதுச் சரக்கு சேர்த்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உச்சச் சூட்டிலேயே விட்டுப் போகாதீர்கள். பாய்லரில் சரக்கு குறையக் குறைய மிச்சத்தில் சீக்கிரம் சூடு ஏறிவிடும் என்பதால் அவ்வப்போது நிரப்பி வாருங்கள்.

கேள்வி: மார்கழியில் ஊற்றிய சீலண்ட் முழுக்கக் குமிழி. சூடு சரியாகத்தான் இருந்தது.
- வாசகர், தளி

பதில்: பனி ஈரம். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் விரிசலுக்குள் ஈரம் நிற்கும். 190 டிகிரி சரக்கு பட்டதும் அது ஆவியாகிக் குமிழி விடும், ஒட்டவும் ஒட்டாது. வெயில் ஏறட்டும். கம்ப்ரசரால் தூசியை ஊதி, சூடான காற்றுக் குழலால் உலர்த்தி, அந்தச் சூடு ஆறுமுன் ஊற்றுங்கள். நேரடித் தீயைக் காட்டினால் விரிசல் ஓரத்துத் தார் கருகி, அந்த ஓரமே பெயர்ந்து வரும்.