எங்கும் நிறைந்த எண்ணெய்க் கறை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவளாக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். கட்டிங் செக்‌ஷனில் கணக்கு எழுதச் சேர்ந்தவள், ஒன்பது வருடத்தில் இந்த இடத்துக்கு வந்தேன். வேலை தெரியும். பையருக்கு மெயில் எழுதும்போதுதான் கை நடுங்கும்.

இந்த வருடம் ஒரு முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் 20 புது இங்கிலீஷ் வார்த்தைகள். நோட்டில் இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம். பதினோரு வாரம் விடாமல் எழுதினேன். 220 வார்த்தை. போன வாரம் முதல் பக்கத்தைத் திறந்து, வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இருபதில் மூன்றுதான் ஞாபகம் வந்தது.

அது போகட்டும். துணியில் எண்ணெய்க் கறை இருந்ததென்று பையர் காரணம் கேட்டார். 'நிட்டிங்கில் இது சகஜம்' என்று சொல்ல நினைத்து, நோட்டில் இருந்த 'யுபிக்விட்டஸ்' என்ற வார்த்தையைப் போட்டு மெயில் அனுப்பிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டுக் கொடுத்த டோஸ் இன்னும் காதில் இருக்கிறது. இன்னொரு தடவை ஷிப்மெண்டை ஒரு வாரம் 'புஷ் பேக்' செய்ய முடியுமா என்று போனில் கேட்டார்கள். ஒரு வாரம் முன்னாடியே வேண்டும் என்று புரிந்துகொண்டு நைட் ஷிஃப்ட் போடச் சொல்லிவிட்டேன். 'புஷ்', 'பேக்' இரண்டும் தெரிந்த வார்த்தைதான்!

என் மகள் ஏழாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். நோட்டைப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் எங்க மிஸ்கூடப் பேச மாட்டாங்கம்மா' என்று சிரிக்கிறாள். எனக்கு 34 வயது. இனிமேல் ஏறாதா? நோட்டை மூடி வைத்துவிடட்டுமா?

ம.,
திருப்பூர்

அன்புள்ள ம.,

நோட்டை மூட வேண்டாம். ஆனால் ஒரு வாக்குமூலம்: மேனேஜரிடம் நீங்கள் டோஸ் வாங்கிய இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அகராதி உங்களை ஏமாற்றவில்லை. 'யுபிக்விட்டஸ்' என்ற சொல்லுக்கு 'எங்கும் நிறைந்த' என்பது சரியான பொருள்தான். தமிழில் அந்த அடைமொழியை நாம் யாருக்குக் கொடுப்போம்? இறைவனுக்கு. நீங்கள் அதை எண்ணெய்க் கறைக்குக் கொடுத்துவிட்டீர்கள். வலது பக்கத்தில் எழுதிய தமிழையே ஒருமுறை உரக்கப் படித்திருந்தால், அது கறையோடு ஒட்டாது என்று உங்கள் காதே சொல்லியிருக்கும். தமிழில் உங்களுக்கு அந்தக் காது இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இன்னும் முளைக்கவில்லை. முளைக்கும்வரை தமிழ்க் காதையே இரவல் வாங்கலாம்.

நானும் தமிழ் மீடியம்தான். கல்லூரியில் இங்கிலாந்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பேசினார். முடிந்ததும் நான் எழுந்து, 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறியது. நான் கேள்வியைக் கேட்பதற்குள், தான் சொன்னதற்கு ஆதாரங்களை அடுக்க ஆரம்பித்தார். நமக்கு 'டவுட்' என்றால் வகுப்பில் கேட்கும் கேள்வி. அவருக்கு அது நம்பிக்கையின்மை. 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று எல்லோர் முன்னாலும் ஒரு பையன் எழுந்து சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்குத் தெரியாத சொற்களிடம் பயமில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சொற்களிடம்தான் பயம்.

உங்கள் சிக்கலும் இதேதான். 'புஷ்' தெரியும், 'பேக்' தெரியும், சேர்ந்து வந்தபோது தெரியவில்லை. இப்படி யோசித்துப் பாருங்கள். நாம் இன்றில் நிற்கிறோம், ஷிப்மெண்ட் தேதி எதிரே நிற்கிறது. அதைப் பிடித்து அப்பால் தள்ளினால் என்ன ஆகும்? தள்ளிப்போகும். தமிழில் நாம் 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்று சொல்லவில்லையா? அதேதான். நம்மை நோக்கி இழுத்தால் 'பிரிங் ஃபார்வர்ட்', அதாவது முன்கூட்டியே. 'ப்ரீபோன்' என்ற சொல்லை நாம் இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறோம், எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் வெளிநாட்டு பையரிடம் பேசும்போது கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

'ஆஃப்' என்ற பொடிச்சொல்லையும் பாருங்கள். 'ஷேட் ஈஸ் ஆஃப்' என்று எந்த பையரும் இதுவரை உங்களுக்கு எழுதாமல் இருந்திருக்க மாட்டார். அகராதியைத் திறந்தால் ஒரு பக்கத்துக்குப் பொருள் போட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 'விலகல்' என்ற ஒரே எண்ணம். நிறம் ஒப்புக்கொண்ட ஷேடிலிருந்து விலகியிருக்கிறது. 'டே ஆஃப்' வேலையிலிருந்து விலகிய நாள். தீபாவளிக்கு 30 சதவீதம் 'ஆஃப்' என்றால் விலையிலிருந்து விலகியது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பது, 'கால் ஆஃப்' என்றால் அடியோடு கைவிடுவது. உங்கள் 220-இல் இந்தச் சொல் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். இதெல்லாம் தெரிந்த சொல் என்று விட்டிருப்பீர்கள்.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே கவலையோடு ஒருவர் டாக்காவில் உட்கார்ந்திருந்தார். மைக்கேல் வெஸ்ட் என்று பெயர், இந்தியக் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். வங்காளத்துப் பிள்ளைகள் வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு பக்கத்தைத் தாமாகப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் திணறுவதைப் பார்த்தார். பாடப்புத்தகங்களில் அரிய இலக்கியச் சொற்கள் மண்டிக்கிடந்தன. அவற்றைக் களைந்துவிட்டு, அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு, புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்படி வாசிப்புப் புத்தகங்களை எழுதினார். அந்த அனுபவத்தின் நீட்சியாக 1953-இல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டார். சுமார் 2,000 சொற்கள், அவ்வளவுதான். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அந்த 2,000-க்குள் அடங்கிவிடுகிறது.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், எந்தப் பொருள் எத்தனை சதவீதம் புழங்குகிறது என்றும் அதில் போட்டிருக்கும். கணினி இல்லாத காலத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்!

உங்களுக்கு அன்று வேண்டியிருந்தது 'காமன்' என்ற சாதாரணச் சொல். அது அந்த 2,000-இல் ஒன்று. பையரிடம் 'கறை சகஜம்' என்று சொல்வதே வியாபாரத்துக்கு நல்லதா என்பது வேறு விஷயம், அதில் உங்கள் மேனேஜர் பக்கம்தான் நான்.

இனி மறதிக்கு வருகிறேன். 1885-இல் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளை நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்மீதே சோதித்து எழுதினார். படித்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவுகிறது. பிறகு நழுவும் வேகம் குறைகிறது. வாக்கியமும் இடமும் இல்லாமல் நோட்டில் தனியாக நிற்கும் சொல் உங்களுக்கு அந்த வெற்று அசை போலத்தான். இருபதில் மூன்று நின்றதே பெரிது. இதில் வயதுக்கு வேலையே இல்லை. எழுதிய அன்றே உங்கள் மகளும் நோட்டை மூடிவிட்டுப் பதினோரு வாரம் கழித்துத் திறந்தால், அவளும் உங்களைப் போலத்தான் விழிப்பாள்.

பதினோரு வாரத்தில் நீங்கள் செய்த உருப்படியான காரியம் ஒன்றுண்டு. வலது பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்த்தீர்கள். அதை ஒரே ஒரு தடவை செய்ததுதான் குறை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் சிலரை ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். மற்றவர்களைப் படித்த பின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரியும்' என்ற சுகம் கிடைக்கிறது, அந்தச் சுகம்தான் ஆளை ஏமாற்றுகிறது. சொல் வராமல் மண்டையைச் சொறிகிற அந்தப் பத்து விநாடி வீணான நேரமில்லை.

ஆகவே நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், முறையை மாற்றுங்கள். உங்கள் கம்பெனியில் வீணான ஹேங் டேக், அதான் துணியில் தொங்கவிடும் அட்டை, கட்டுக்கட்டாகக் கிடக்குமே? பின்பக்கம் வெறுமையாக இருப்பதாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்து வாருங்கள். வாரத்துக்கு 20 வேண்டாம், ஐந்து போதும். அந்த ஐந்தையும் அந்த வாரம் உங்களுக்கு வந்த மெயில்களிலிருந்தே எடுங்கள். ஒரு டேக்கில் மெயிலில் வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அந்தச் சொல் இருந்த இடத்தைக் கோடாக விடுங்கள். பின்னால் சொல்லை எழுதுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புகிற பழைய பள்ளிக்கூட விளையாட்டுதான். பிறகு மூன்று டப்பாக்கள். முதல் டப்பாவை நாள்தோறும் பாருங்கள், இரண்டாவதை ஞாயிறுதோறும், மூன்றாவதை மாதம் ஒருமுறை. சரியாக வந்த டேக் அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் மறுபடி முதல் டப்பா, தாட்சண்யமே கூடாது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது, அவர் ஐந்து அறை வைத்தார். செல்போனில் இதற்குச் செயலிகள் உண்டு. டேக் கையில் இருந்தால் மெஷின் நிற்கும் நேரத்தில்கூடப் புரட்டலாம், செல்போனை எடுத்தால் வாட்ஸ்அப்தான் பார்ப்போம்.

ஒரே ஜாதிச் சொற்களை ஒரே வாரத்தில் போடாதீர்கள். 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் ஒரே நாளில் படித்த யாரும் எது கடன் வாங்குவது, எது கொடுப்பது என்று ஆயுசுக்கும் தடுமாறுவார்கள். ஒன்று கெட்டிப்படட்டும், இரண்டு மாதம் கழித்து மற்றது வரட்டும். பாடப்புத்தகங்கள் ஏனோ எதிர்ச்சொற்களை ஜோடி ஜோடியாகவே கட்டிக் கொடுக்கின்றன.

வாரம் ஐந்து என்றால் வருடத்துக்கு 260. ஆங்கில நாவலோ செய்தித்தாளோ துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 வரை சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் என்ற மொழியியலாளர் கணக்கிட்டிருக்கிறார். 260-ஆல் வகுத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யாரும் பட்டியல் போட்டு அந்த எண்ணுக்குப் போனதில்லை. மிச்சமெல்லாம் வாசிக்கும்போது தானாக ஒட்டிக்கொள்வது. நீங்கள் எந்த நோட்டும் போடாமல்தானே இத்தனை ஆயிரம் தமிழ்ச் சொற்களைச் சேர்த்தீர்கள்? இரவில் மகளின் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கம் படியுங்கள். வெட்கமென்ன இதில்.

நேஷன் 'சொற்குடும்பம்' என்றது ஒரு சொல்லையும் அதன் நெருங்கிய வடிவங்களையும் சேர்த்துத்தான். அதைவிடப் பெரிய குடும்பமும் உண்டு, வேர் வழிக் குடும்பம். தமிழில் 'பார்' என்ற ஒரு வேரிலிருந்து எதிர்பார்ப்பு, மேற்பார்வை, சரிபார்த்தல், பார்வையாளர் என்று எத்தனை கிளைக்கின்றன! லத்தீனிலும் 'பார்' என்று பொருள்படும் ஒரு வேர் உண்டு, ஆங்கிலத்தில் அது 'ஸ்பெக்ட்' என்று வரும். உங்கள் தொழிலே அதில்தான் ஓடுகிறது. 'இன்ஸ்பெக்ட்' உள்ளே பார்ப்பது. 'ரெஸ்பெக்ட்' திரும்பிப் பார்ப்பது, மதிப்புக்குரியவர் கடந்து போனால் நாம் செய்வது. 'சஸ்பெக்ட்' கீழ்க்கண்ணால் பார்ப்பது. 'எக்ஸ்பெக்ட்' வெளியே பார்ப்பது, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக் காத்திருப்பது. தமிழில் நாம் எதிர்பார்க்கிறோம், அவர்களும் அந்த வினைக்குள் ஒரு 'பார்' வைத்திருக்கிறார்கள். 'சூப்பர்வைஸ்' வேறொரு வேர், அதற்கும் பார்ப்பதென்றே பொருள், 'சூப்பர்' என்றால் மேல். அப்படியே நம் மேற்பார்வை! தினமும் உங்கள் மேஜையில் கிடக்கும், ஆர்டரின் விவரங்கள் எழுதிய ஸ்பெக் ஷீட்கூட இந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவுதான். இதைத் தெரிந்துகொண்டு ஐந்து சொல்லுக்கு ஒரே டேக் போடலாம், முன்பு சொன்ன விதிக்கு இது மட்டும் விலக்கு.

மகள் சிரிக்கிறாள் என்றீர்கள். முதல் டப்பாவை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவைப் பரீட்சை வைப்பதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு கிடையாது, ஒரு நாள்கூட உங்களைத் தப்ப விடமாட்டாள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு 'ஆஃப்' வருகிற ஐந்து வாக்கியங்களை அனுப்புங்கள். நீங்களாக எழுதியவை வேண்டாம், உங்களுக்கு வந்த மெயில்களில் கிடைப்பவை. பையர் பெயரை அடித்துவிட்டு அனுப்பினால் போதும்.

அன்புடன்.