புதிதாக மாற்றிய ஆக்சில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை எப்படி உறுதி செய்வது?

முன்சக்கர இயக்கக் காரில் இடப்பக்க ஆக்சிலை, அதாவது கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டை, மாற்றியிருப்பதாகவும், வண்டி நன்றாக ஓடினாலும் வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறதா என்ற ஐயம் தீரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஐயம் நியாயமானது. நன்றாக ஓடுவது இந்த வேலைக்குப் போதிய சான்று ஆகாது என்பதை நான் நடுவழியில் நின்று கற்றுக்கொண்டேன்.

எனக்கு ஆக்சில் மாற்றித் தந்த பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்த மறுநாள், வீட்டு வாசலில் இடது முன்சக்கரத்துக்குச் சற்று உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை இருந்தது. வேலையின்போது சிந்திய எண்ணெய்தான் வடிகிறது என்று எண்ணி விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விழுப்புரத்திலிருந்து திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. ஆக்சிலின் உள்முனை கியர் பாக்ஸிலிருந்து நழுவி வெளியே வந்திருந்தது. சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் இயல்பு அப்படி: ஒரு பக்கம் விடுபட்டுவிட்டால் சுழற்சி முழுவதும் அந்தப் பக்கமே வீணாகி, மறுபக்கச் சக்கரத்துக்கு விசை போகாது. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் 'பார்க்கிங்' நிலையில் போட்டாலும் அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அப்படி நேர்ந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடுங்கள்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உள்முனையைத்தான். பெரும்பாலான சிறிய கார்களில் ஆக்சிலின் உள்முனைப் பற்களுக்கு அருகே ஒரு காடி இருக்கும். அதில் மாட்டிய மெல்லிய கம்பி வளையம், அதாவது சர்க்ளிப், டிஃபரென்ஷியல் கியருக்குள் நுழைந்து விரிந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பற்கள் மட்டும் இணைந்து இந்த வளையம் பூட்டாமல் நின்றுவிட்டால், ஆக்சில் சில நாட்கள் ஒழுங்காகவே சுற்றும். முன்பக்கத்தைத் தூக்கி வைத்துக் கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பார்ப்பதைப் பலரும் போதுமான சோதனையாகக் கருதுகிறார்கள். பற்கள் இணைந்திருக்கின்றன என்பதைத்தான் அது காட்டும். வளையம் பூட்டியிருக்கிறதா என்பதைக் காட்டவே காட்டாது.

அதை அறிய, சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டின் மேல் இருத்தி, இன்ஜினை அணைத்த பின் அடியில் பாருங்கள். ஆக்சிலின் உள்முனையில் இருக்கும் மடங்கும் இணைப்பான உள்பக்க ஜாயின்ட்டின் இரும்புக் கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்து வெளிப்புறமாக இழுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் அசைவு இருந்தால் அச்சமில்லை. ஆனால் அது மேலும் வெளியே வரவே கூடாது. நடுத்தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், ஏனென்றால் அப்போது கிண்ணத்துக்குள் இருக்கும் உருளைகள் வெளியே வந்து ஜாயின்ட்டே பிரிந்துவிடக்கூடும். கிண்ணத்துக்கும் கியர் பாக்ஸ் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி சுற்றிலும் சீராக, பழைய ஆக்சில் இருந்தபோது இருந்த அளவிலேயே இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் இப்போது பெரிதும் உதவும். சில கார்களில் உள்முனையைப் போல்ட்டுகளால் பிணைத்திருப்பார்கள். அங்கே எல்லாப் போல்ட்டுகளும் இருக்கின்றனவா, இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

அங்கேயே, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் கவனியுங்கள். ஆக்சிலை உள்ளே செலுத்தும்போது பற்கள் சீலின் உதட்டைக் கீறிவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. அந்த இடத்தைத் துணியால் ஈரமின்றித் துடைத்துவிட்டு, இரவு முழுவதும் கீழே செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது பழைய எண்ணெய் அல்ல. ஆக்சிலைக் கழற்றும்போது கியர் ஆயில் கொட்டியிருக்கும் என்பதால், அளவு பார்த்து நிரப்பினார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்தது சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் நட். ஆக்சிலைப் பிடித்து வைப்பதோடு, பல வண்டிகளில் வீல் பேரிங்கைச் சரியான அழுத்தத்தில் வைத்திருப்பதும் இந்த நட்தான். பல சிறிய கார்களில் இதை ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டியிருக்கும். வீல் நட்டுக்கு அதில் பாதியளவே போதும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவைத் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள். ஏர் கன்னால் இறுக்கி விட்டுவிடுவது எனக்கு ஒப்புதலில்லை. அளவு குறைந்தால் பேரிங் தளர்ந்து இரையும், கூடினால் மரையும் பேரிங்கும் கெடும்; ஆகையால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இருக்கும் இடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நட்டின் விளிம்பை ஆக்சில் காடிக்குள் தட்டி மடக்கும் வகையாக இருந்தால், நட் புதியதாகவும் மடிப்பு தெளிவாகவும் இருக்க வேண்டும். நட் கழலாதபடி கம்பி ஊசி செருகும் வகையாக இருந்தால் அந்த ஊசி இருக்க வேண்டும்.

ஆக்சிலைக் கழற்ற, சக்கரத்தைக் கீழ்க்கையோடு இணைக்கும் லோயர் பால் ஜாயின்ட்டையும், சில வண்டிகளில் ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் முனையையும் பிரித்திருப்பார்கள். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். எதிலும் கடகடப்பு இருக்கக் கூடாது. ஆக்சில் ஜாயின்ட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகள் முறுக்கிக்கொள்ளாமல், கிளாம்ப் இறுகி, வெளியே கிரீஸ் தெறிக்காமல் இருக்கின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கு எரிந்தால், அந்தப் பக்கச் சென்சார் ஒயரையும், பற்சக்கர வளையம் ஆக்சிலிலேயே இருக்கும் வண்டியென்றால் புதிய ஆக்சிலில் அது இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் சரியென்றால்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக்கென்ற ஒலி கேட்டால் வெளிப்பக்க ஜாயின்ட்டில் கோளாறு. நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் அடங்கினால் உள்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, ஒரு முறை கூடச் செய்தித்தாளை விரித்து வையுங்கள். அப்போதும் கறை விழுந்தால், ஆயிலை மட்டும் நிரப்பிக்கொண்டு ஓட்டாமல், மாற்றியவரிடமே கொண்டுபோய் ஆக்சிலைக் கழற்றிச் சீலையும் சர்க்ளிப்பையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.