யார் கூப்பிட்டாலும் போகிறாளா?

கேள்வி: எங்கள் மகளைக் காப்பகத்திலிருந்து 3 வயதில் முறைப்படி தத்தெடுத்தோம். இப்போது 5 வயது, யு.கே.ஜி. தலையணைக்கு அடியில் பிஸ்கட், சப்பாத்தி எல்லாம் ஒளித்து வைக்கிறாள். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. ‘எந்த ரத்தமோ’ என்கிறார் மாமியார். ஒரே ஆறுதல், புது முகம் என்ற பயமே கிடையாது, யார் கூப்பிட்டாலும் போவாள். அதனால் மாடி வீடு, எதிர் வீடு, நாத்தனார் வீடு என்று மாற்றி மாற்றி விட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போகிறோம். இவள் எப்போது சரியாவாள்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலையே அதில்தான். பிஸ்கட்டைப் பிறகு பார்ப்போம்.

5 வயதுக் குழந்தை, தெரியாத ஆள் கை நீட்டினால் உங்கள் பின்னால் வந்து நிற்க வேண்டும். போனாலும் ஒருமுறை திரும்பி உங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது வரவில்லை. காப்பகத்தில் ஆயாக்கள் ஷிஃப்ட் முறையில் வருவார்கள். காலையில் குளிப்பாட்டியவர் ராத்திரி இருக்கமாட்டார், பிரியம் வைத்த ஆயா ஒருநாள் வேலையை விட்டே போய்விடுவார். யார் வந்தாலும் சிரித்துக்கொண்டு போகிற குழந்தைக்குத்தான் அங்கே மடி கிடைக்கும். 3 வயது வரை அவள் கற்றது அது.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தீர்கள்? மாடி வீடு, எதிர் வீடு, நாத்தனார் வீடு. அதே ஷிஃப்ட்! படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது.

ருமேனியாவில் 1989-ல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்த பிறகு, அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்து வந்த 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தக் காப்பகங்கள் மிக மோசமானவை, எல்லாக் காப்பகத்தையும் அதோடு சேர்க்க முடியாது. அங்கே 6 மாதத்துக்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு, நல்ல வீடு கிடைத்தும், நிலைகொள்ளாமையும் முன்பின் தெரியாதவரிடம் ஒட்டிக்கொள்வதும் வளர்ந்த பிறகும் போகவில்லை. ரத்தத்தைப் பழிக்கும் உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள். ‘எப்போது சரியாவாள்’ என்பதற்கு என்னிடம் தேதி கிடையாது. இதில் கொஞ்சம் அவளோடு கடைசிவரை இருக்கலாம்.

பெற்றவர்களுக்காவது நினைக்காமல் பிள்ளை வந்துவிடும். நீங்கள் விண்ணப்பம் போட்டு, காத்திருந்து, கையெழுத்திட்டுக் கூட்டிவந்தவர்கள். உங்கள் கடமை ஒரு படி கூடுதல் என்றே நான் நினைக்கிறேன். இருவரில் ஒருவர் வேலை நேரத்தைக் குறையுங்கள். அது அம்மாதான் என்று சட்டமில்லை. முடியவே முடியாதென்றால் ஒரே ஒருவர், தினமும் அதே ஆள் பார்த்துக்கொள்ளட்டும். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது உங்கள் இருவர் கையில் மட்டும்.

சாப்பாட்டுக்கு அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா, எப்போதும் நிரம்பியிருக்கட்டும். ஒளிப்பதற்குத் திட்டாதீர்கள். அப்புறம், தத்துக்குப் பிறகு 2 ஆண்டுகள், 6 மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர்கள் உங்களைப் பார்க்க வந்திருப்பார்களே, அவர்களிடம் இதையெல்லாம் சொன்னீர்களா, இல்லை டீ கொடுத்து அனுப்பிவிட்டீர்களா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இப்போதாவது கேளுங்கள், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

நாத்தனாரிடமும் பக்கத்து வீடுகளிலும் இந்த வாரமே பேசிவிடுங்கள். வருத்தப்பட்டால் படட்டும், அவர்கள் பெரியவர்கள்.